பரம்பரை நோயும் ஓர் இளம் டாக்டரும்: குமரி மாவட்டத்தை வைத்து மருத்துவக் கதை எழுத முழுமையான வழிகாட்டி

பரம்பரை நோய் உள்ள குடும்பத்தில் பிறந்த ஓர் இளம் டாக்டர் என்று ஒரு வரி கிடைத்ததும், எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது பரிசோதனை முடிவு வரும் காட்சியைத்தான். உறையைப் பிரிக்கிறாள், கை நடுங்குகிறது, வெளியே மழை. அந்தக் காட்சியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இந்த வகைக் கதையை நகர்த்துவது வேறு ஒரு கணக்கு: யாருக்கு எது தெரியும், அதை யாரிடம் யார் மறைக்கிறார்கள், ஒருவர் தெரிந்துகொண்டால் இன்னொருவர் எப்படி மாட்டிக்கொள்கிறார். நோயின் மரபியலே அந்தக் கணக்கைப் போட்டுத் தந்துவிடும். அதனால் கதைப்பின்னலை யோசிக்கும் முன் நோயைப் படியுங்கள்.

களம் கன்னியாகுமரி மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். தெருவுக்கு ஒரு நர்ஸ், வளைகுடாவில் ஒரு சித்தப்பா, ரயிலேறினால் திருவனந்தபுரம். நோயைப் பற்றி நன்றாகவே தெரிந்த ஊர். தெரிந்தாலும் வீட்டில் கல்யாணங்கள் முடியும்வரை வாய் திறக்காது. கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

படி 1: நோய்க்குப் பெயர் வையுங்கள்

‘ஏதோ ஒரு மரபணுக் கோளாறு’ என்று மங்கலாக விட்டால் கதையும் மங்கிவிடும். ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு விதமான கதையைத்தான் தரும்.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பாலிசிஸ்டிக் நோயை எடுத்தால், மரபணுப் பரிசோதனைக்குக்கூடப் போக வேண்டாம். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். ராத்திரி டியூட்டியில் ஸ்கேன் அறை காலியாக இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டு, தன் விலாவில் தானே ஜெல் தடவிப் பார்க்கும் டாக்டர் உங்களுக்குக் கிடைக்கிறாள். அண்ணனுக்குக் கிட்னி கொடுக்க முன்வரும் தங்கை, அதற்கான சோதனையில் தனக்கும் அதே கட்டிகள் இருப்பதை அறிவது இன்னொரு காட்சி.

இதயத் தசை தடிக்கும் நோய் என்றால் கதையின் வேகமே வேறு. நன்றாக ஓடியாடிய பையன் திடீரென்று விழுகிறான், அதன்பின் குடும்பத்தில் எல்லோரும் எக்கோ எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். நம் பக்கத்துக்கே உரிய ஒரு தகவலும் இருக்கிறது. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் இந்தியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதயம் பலவீனமாகும் ஆபத்தை அது கூட்டுகிறது.

இனி ஒரு எச்சரிக்கை. பரம்பரை நோய் என்றாலே சொந்தத்தில் கல்யாணம் செய்ததுதான் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டுக்கும் அது தேவையில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அத்தை மகன், தாய்மாமன் கல்யாணம் கணக்கில் வருவது, பெற்றோர் இருவருமே வெளியே தெரியாமல் சுமந்தால்தான் பிள்ளைக்கு வரும் நோய்களில். உடம்பில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் அப்படிப்பட்டது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது ஹண்டிங்டன் நோய்: மூளை மெல்லச் சிதைந்து, குணம் மாறி, கை கால் தானாக ஆடும் நோய். இதுவும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். 1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க டாக்டர் இதை விவரித்து எழுதினார். அவர் அப்பாவும் தாத்தாவும் அதே வட்டாரத்தில் வைத்தியம் பார்த்தவர்கள். மூன்று தலைமுறை டாக்டர்கள் சில குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததால்தான் நோயின் போக்கு அவருக்குப் பிடிபட்டது. பெரும்பாலும் 30-லிருந்து 50 வயதுக்குள் தொடங்கும். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. தொடங்கியபின் பதினைந்து, இருபது ஆண்டுகள் மெல்ல மெல்ல இழுக்கும். டாக்டருக்கு 25 வயது என்றால், படிப்பு முடித்து வாழ்க்கையைத் தொடங்கும் நேரத்தில்தான் கேள்வியும் வந்து நிற்கிறது.

படி 2: முதல் பக்கத்துக்கு முன் குடும்ப வரைபடம்

ஒரு பெரிய தாளை எடுத்து மூன்று தலைமுறையை வரையுங்கள். டாக்டர்கள் போடும் குறிகளையே போடுங்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு.

என் உதாரணக் குடும்பம் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறது. அம்மாவின் அப்பா, அதாவது பாட்டா, அறுபதைத் தாண்டாமல் போய்விட்டார். ‘குடிச்சே அழிஞ்சான்’ என்பது ஊரின் தீர்ப்பு. அம்மாவுக்கு 51 வயது, ஒரு குறையும் தெரியவில்லை. தாய்மாமனுக்கு 38, கடல் தொழில், இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. டாக்டருக்கு 25, தம்பிக்கு 17.

இனி கணக்கு. நோயுள்ள பாட்டாவின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு காசு சுண்டப்படுகிறது. ‘தம்பிக்கு வந்துட்டு, அப்போ அக்கா தப்பிச்சா’ என்று ஒரு பாத்திரம் நம்பலாம், ஆனால் கதாசிரியர் நம்பக்கூடாது. அம்மாவுக்கு 51 வரை ஒன்றும் தெரியவில்லை என்பதால் அவள் வாய்ப்பு பாதியிலிருந்து குறைந்துகொண்டே வரும். டாக்டரின் வாய்ப்பு எப்போதும் அதில் பாதி. அவளுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கும்போது அவள் மனசுக்குள் என்ன கணக்கு ஓடும் என்று யோசியுங்கள்.

பாட்டாவுக்கு நாற்பதுகளில் வந்தது மாமனுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்? நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 26 முறை வரை வந்தால் பிரச்சினை இல்லை. 40 அல்லது அதற்கு மேல் என்றால், ஆயுள் இருக்கும்பட்சத்தில் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். அப்பா வழியாக இறங்கும்போது இந்த எண்ணிக்கை கூடிவிடும் வாய்ப்பு அதிகம், எண்ணிக்கை கூடினால் நோயும் முந்தி வரும். அம்மா வழியில் அந்த அளவுக்குக் கூடுவது அபூர்வம். ஆக, பாட்டாவிடமிருந்து மாமனுக்கு முந்தி வந்ததில் முரண்பாடே இல்லை. ஊர் இதற்குச் சாபம் என்று பெயர் வைத்திருக்கும்.

பழைய தலைமுறையை டாக்டர் எப்படித் தேடுவாள்? கடற்கரையில் பங்குக் கோவிலின் அடக்கப் பதிவேடு ஒரு நல்ல வழி. பெயர், வயது, தேதி. பாட்டாவின் அப்பா, சித்தப்பா என்று வரிசையாக ஐம்பதுகளில் நின்றுபோகும் வயதுகளை அவள் விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். கதையை நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டில் வைத்தால் வேறொரு சுவாரசியம்: அங்கே ஒரு காலத்தில் மருமக்கள்வழி, அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை, இருந்தது. பழைய பாகப் பத்திரங்களைப் பார்த்தால் தாய்வழி உறவு விரிவாகத் தெரியும், தகப்பன்வழி மங்கலாகத்தான் தெரியும். சொத்து போன வழியில் நோய் போகாது என்பதே ஒரு துப்பறியும் முடிச்சு.

படி 3: அவளுக்கு ஒரு வேலை நாள் கொடுங்கள்

இதை நீட்ட வேண்டாம். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அதன்பின் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். 25 வயதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெடிக்கல் ஆபீசராகவோ, தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகவோ இருப்பாள். ராத்திரியில் நீட் பி.ஜி.க்குப் படிப்பாள். மெடிக்கல் காலேஜில் யூனிட் தலைவரை ‘சீஃப்’ என்பார்கள், ஸ்டாஃப் நர்ஸை ‘சிஸ்டர்’ என்பார்கள். நோயாளி அவளை ‘டாக்டரம்மா’ என்பார், அறுபது வயதானவராக இருந்தாலும்.

தவறு நடக்கிற காட்சி எதையும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி உண்மையான இடத்தில் வைக்காதீர்கள். ஒரு கற்பனைத் தாலுகா ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொள்ளுங்கள். வரலாற்றையும் பாத்திரத்தின் வாய் வழியாகவே கொண்டுவாருங்கள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு 1838-லிருந்து கதை இருக்கிறது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன சாமர்வெல் அங்கே ஆண்டுக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தார். அருமையான தகவல்தான். ஆனால் கதையில் அது, பாட்டி தன் அம்மாவின் வயிற்றுத் தழும்பைப் பற்றிப் பேசும்போது ‘மலையேறுன வெள்ளக்கார டாக்டரு போட்ட தையலு’ என்று சொல்லும் ஒரு வரியாக மட்டும் வரட்டும்.

படி 4: அறிகுறிகளை வரிசையாகக் காட்டுங்கள்

இந்த நோய் முதலில் வருவது பெரும்பாலும் ஆட்டமாக அல்ல, குணமாக. சிடுசிடுப்பு, மனச்சோர்வு, நாலு வேலையை வரிசைப்படுத்திச் செய்ய முடியாமை. மாமன் பத்து வருஷமாகச் செய்த வேலையில் தடுமாறுகிறார்: எஞ்சினுக்கு டீசல் வாங்கினாரா, ஐஸ் ஏற்றினாரா என்று மறந்துபோகிறது. கூடப் போகிறவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். வள்ளத்தில் நிற்கத் தெரியாதவன் கடற்கரையில் கிடையாது. ‘அவனுக்குக் காலு ஒரு நெலைல நிக்க மாட்டேங்கு’ என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் சாராயத்தின் தலையில் போடுவார்கள். மாமன் குடிப்பதையே விட்டவர் என்று வைத்தால் காட்சிக்குக் கூர்மை கூடும்.

அப்புறம் விரல்கள் சும்மா இருக்காது, பியானோ வாசிப்பதுபோல் அசையும். தோள் துள்ளும். நடை நடனம்போல் ஆகும். பேச்சு குழறும், உடம்பு மெலியும், கடைசிக் கட்டத்தில் விழுங்குவது சிரமமாகி நுரையீரலில் தொற்று வரும்.

டாக்டர் தன் மாமனைச் சோதிக்கும் காட்சி உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த காட்சிகளில் ஒன்று. கருவி எதுவும் வேண்டாம், வீட்டுத் திண்ணையிலேயே நடக்கலாம். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொல்வாள்; நாக்கு உள்ளே ஓடிவிடும். தன் இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். பிடி இறுகியும் தளர்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும், பால் கறப்பதுபோல. தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடமிருந்து வலம் திருப்பச் சொல்வாள். கண் சிமிட்டாமல், தலை திரும்பாமல் மாமனால் முடியாது. மாமன் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரிக்கிறார். வாசலில் நிற்கும் அம்மா சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் தன் அப்பாவிடம் இதையெல்லாம் பார்த்தவள். நோயின் பெயர் இங்கே வரவே வேண்டாம்.

அன்று ராத்திரி டாக்டர் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டுவாள். ஆபத்தில் இருப்பவர்கள் தங்களையே வேவு பார்ப்பது உண்மையில் நடப்பது. கைதவறிய கரண்டி, மறந்துபோன பெயர், தடுக்கிய படி எல்லாமே அறிகுறியாகத் தெரியும். டாக்டராக இருப்பது இங்கே உதவாது, இன்னும் மோசமாக்கும். இந்தப் பயத்தை ஒரே அத்தியாயத்தில் கொட்டாமல் கதை முழுக்கத் தூவுங்கள்.

படி 5: மற்றக் காரணங்களை நியாயமாகக் கேளுங்கள்

நல்ல டாக்டர் முதலில் ஹண்டிங்டனுக்குத் தாவமாட்டாள். வைத்தியம் செய்தால் கேட்கும் நோயைத் தேடுவாள். வில்சன் நோயிலும் கை கால் ஆட்டம் வரும். கருவிழி ஓரத்தில் தாமிர வளையம் இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் அனுப்புவாள், ரத்தமும் சிறுநீரும் எடுப்பாள். அது வில்சனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். மருந்து உள்ள நோய் வரவேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்துகொள்ளும் டாக்டர், எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம்.

ஊருக்கும் அதன் விளக்கங்கள் உண்டு. குடி, செய்வினை, இயக்கியம்மன் கோபம். மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் மணலின் பேரும் அடிபடும். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை சரிபாதியாக ஒரே குடும்பத்தில் இறங்கும் நோயை மணல் விளக்காது. பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே மணலில்தானே நடக்கிறார்கள்? இந்த வாதத்தை டாக்டர் வாயில் பிரசங்கமாக வைக்காமல், ஊர்க்கூட்டத்தில் ஒரு மீன்காரப் பாட்டி கேட்கட்டும்.

வர்ம ஆசானை வில்லனாக்காதீர்கள். குமரியில் ஆசானிடம் போகாத குடும்பம் குறைவு. தொட்டுப் பார்த்துவிட்டு ‘இது என் கைக்கு அடங்குற தீனம் இல்ல’ என்று அனுப்பிவைக்கும் ஆசானை எழுதினால் வாசகர் நம்புவார்.

படி 6: பரிசோதனை, அதாவது கதையின் முதுகெலும்பு

மாமனுக்கு அறிகுறி இருக்கிறது. அவருக்குச் செய்வது நோயை உறுதிசெய்யும் சோதனை. அறிகுறியே இல்லாத டாக்டருக்குச் செய்வது எதிர்காலத்தைச் சொல்லும் சோதனை. இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு முன் மரபியல் ஆலோசனை, மனநல ஆதரவு, யோசிக்க அவகாசம், எந்த நிமிஷமும் வேண்டாம் என்று விலகும் உரிமை எல்லாம் தரவேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற நடைமுறை. அறிகுறி இல்லாத சிறுவர்களுக்குச் செய்வதில்லை, அதனால் 17 வயதுத் தம்பி கேட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும். 18 ஆகும் நாள் உங்களுக்கு ஒரு காலக்கெடு.

ஆபத்தில் உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்தச் சோதனையைச் செய்துகொள்வதே இல்லை. ஐந்தில் ஒருவருக்கும் குறைவுதான். தெரிந்து என்ன செய்ய என்பது கோழைத்தனமான கேள்வி அல்ல. இந்த நோயின் ஆய்வில் பெரிய பெயர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய அம்மா இந்த நோயால் 1978-ல் இறந்தார். வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரையில், நோய் மிகுந்த மீனவக் கிராமங்களில் அவர் வருஷக்கணக்கில் ரத்த மாதிரிகளும் குடும்ப வரைபடங்களும் சேகரித்தார். 1983-ல் மரபணு இருக்கும் இடத்தின் அடையாளமும், 1993-ல் மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டன. சோதனைக்கு வழிசெய்தவரே தன் நிலையைப் பற்றிப் பொதுவில் பேசாமல் இருந்தார். தனக்கும் நோய் இருப்பதை 2020-ல்தான் வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் டாக்டர் தயங்குவதை நியாயப்படுத்த வேறு ஆதாரம் வேண்டாம்.

இனி உண்மையான முடிச்சு. டாக்டருக்குச் சோதனை செய்து நோய் மாற்றம் இருப்பது தெரிந்தால், அது அம்மாவிடமும் இருப்பது உறுதியாகிவிடும். அம்மா தெரிந்துகொள்ள விரும்பவில்லை. தெரியாமல் இருக்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு, தெரிந்துகொள்ளும் உரிமை மகளுக்கு உண்டு, இரண்டும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பங்கரையில் இருக்கின்றன. இந்த இடத்தை நான் இப்படி எழுதுவேன். அம்மா மீன் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

“மாமனுக்கு ரத்தம் எடுத்தாச்சா மக்களே?”

“எடுத்தாச்சும்மா.”

“அதுல எனக்குள்ளதும் தெரிஞ்சிருமா?”

“மாமனுக்குள்ளது மாமனுக்கு. உங்களுக்கு வேற எடுக்கணும்.”

“உனக்கு எடுத்தா?”

மகள் தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

“உனக்கு எடுத்தா எனக்குத் தெரிஞ்சிரும், இல்லியா? நான் ஒண்ணும் படிக்காதவ இல்ல.”

மருத்துவச் சொல் ஒன்றுகூட இல்லை. மரபியல் முழுதும் உள்ளே இருக்கிறது.

ரகசியமாகச் சோதனை செய்துகொள்ள அவள் திருவனந்தபுரம் போவாள். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் நரம்பு நோய்க்கும் இதய நோய்க்கும் பெயர் பெற்றது. குமரிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. சிக்கலும் அதுதான். யாருக்கும் தெரியாமல் இருக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். வெளிநோயாளிப் பகுதி பெஞ்சில் பார்த்தால் மார்த்தாண்டத்து அத்தை உட்கார்ந்திருக்கிறாள்.

வேறு பெயரில் ரத்தம் அனுப்புவது, சக டாக்டர் மூலம் மாமனின் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது போன்ற குறுக்குவழிகளையும் அவள் யோசிக்கலாம். செய்யவும் செய்யலாம். செய்தால் விலை கொடுக்க வேண்டும்.

படி 7: கல்யாணப் பேச்சு

இதைத் தவிர்க்கவே முடியாது. பெண் டாக்டர், 25 வயது, குமரி மாவட்டம்: வாரம் ஒரு வரன் வரும். யார் யாரிடம் எப்போது சொல்ல வேண்டும்? அம்மா ‘முடிஞ்ச பிறகு சொல்லலாம்’ என்பாள். டாக்டர் தன் நோயாளிகளுக்கு எதைச் சொல்வாளோ அதையே தன் வீட்டில் சொல்லத் திணறுவாள். குழந்தையைப் பற்றியும் நேர்மையாக எழுதுங்கள். சோதனைக்குழாய்க் கருவில் முன்கூட்டியே சோதித்து, மாற்றம் இல்லாததை மட்டும் வைக்கும் வழி இருக்கிறது. செலவு கூடியது, ஒரே முயற்சியில் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. சபையின் நிலைப்பாடு இதற்கு எதிராக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தில் இது இன்னொரு அடுக்கு. பங்குச் சாமியாரையும் ஒற்றைப் பரிமாணத்தில் எழுதாதீர்கள்.

படி 8: பேச்சு வழக்கு

குமரியில் பேச்சு ஒன்றல்ல. கடற்கரைக்கு ஒன்று, நாஞ்சில் நாட்டுக்கு ஒன்று, கேரளத்தை ஒட்டிய விளவங்கோட்டுக்கு மலையாளம் கலந்த இன்னொன்று. மூன்றையும் ஒரே வாயில் கலந்துவிடாதீர்கள். டாக்டர் வார்டில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசுவாள். மாமனுக்கு நோயை விளக்கும்போது எந்தத் தமிழ் வருகிறது என்பதை யோசித்து எழுதுங்கள்.

படி 9: முடிவு

மூன்று முடிவுகளைக் கேட்டவுடனே ஒதுக்குங்கள்: அமெரிக்காவிலிருந்து அதிசய மருந்து, ரிப்போர்ட் மாறிப்போய்விட்டது, தற்கொலை. கடைசியைக் குறிப்பாகச் சொல்கிறேன். இந்த நோயில் மனச்சோர்வும் தற்கொலை ஆபத்தும் உண்மையிலேயே அதிகம். ஆட்டத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெட்ராபெனசின் மாத்திரையே மனச்சோர்வைக் கூட்டலாம் என்பதால் டாக்டர்கள் கவனமாக இருப்பார்கள். கதையை முடிக்கும் வசதிக்காக அதைப் பயன்படுத்துவது அநியாயம்.

அவளுக்கு நோய் இல்லை என்று முடிவு வருவதும் சுலபமான முடிவல்ல. தப்பித்தவர்களுக்குக் குற்றவுணர்ச்சி வருவது மருத்துவ ஆலோசகர்கள் நன்கு அறிந்தது. நோய் இருக்கிறது என்று முடிவு வந்தால் மாமனுக்குச் சோறூட்டும் வேலையை இனி எப்படிச் செய்வாள்? சோதனையே செய்யாமல் நரம்பியல் படிக்கப் போகிறாள் என்பதும் முடிவுதான். என் விருப்பம் அதுவே.

படி 10: அச்சுக்கு முன்

ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம் படிக்கக் கொடுங்கள். டாக்டர்கள் மரபணுவில் பிழை பார்ப்பார்கள். டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் ஊதா மூடிக் குழாயில் போகும், சிவப்பு மூடியில் அல்ல, அதை எடுத்தது யார், ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கியது யார் என்பதை நர்ஸ்தான் பிடிப்பார். பேச்சை அந்தக் கடற்கரைக்காரர் ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே திருத்துங்கள். உங்களுக்குத் தெரிந்த உண்மைக் குடும்பம் எதையாவது மனசில் வைத்து எழுதியிருந்தால் ஊரை, தொழிலை, பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றிவிடுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் குமரியில் மறைக்க முடியாது. கதை வெளிவந்த வாரத்திலேயே யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கலாம்.